அலமாரிக்கு ஒரு முகம்: ராயபுரம் முதல் எண்ணூர் வரை

ராயபுரம் என்றதும் நம்மில் பலருக்கு மீன் வாசனைதான் ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய்ப் பாருங்கள், தேக்கு வாசனையும் வரும்! தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய ஸ்டேஷன் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த பர்மா தேக்கு, பழைய வீடுகளில் நிலையாகவும் கதவாகவும் உட்கார்ந்துவிட்டது. 2014 ஏப்ரலில் மியான்மர் முழு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதனால், வீடு இடிக்கும்போது கழற்றுகிற கதவுக்கும் நிலைக்கும் நல்ல கிராக்கி.

எண்ணூரில் இருக்கும் என் நாத்தனாருக்காகத்தான் இந்தப் பக்கம் போனேன். அவள் ரெடிமேடாக வாங்கிய தூள் பலகை அலமாரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் அப்பளம் மாதிரி ஊதிப் போயிற்று. அதைவிடப் பெரிய கவலை, அவளுடைய நாலு வயசுப் பையனுக்கு அடிக்கடி வரும் இழுப்பு. தூசியும் கரப்பான்பூச்சியின் எச்சமும் அதைத் தூண்டிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இடுக்கே இல்லாத அலமாரியா வேணும் அண்ணி. இன்னொரு தடவை செலவு பண்ண எங்களால ஆகாது" என்றாள்.

இடுக்கை அடைக்கிற வேலை முன் சட்டத்துடையது. அலமாரி என்பது பிளைவுட்டில் செய்த ஒரு பெட்டிதானே? அதன் முன்பக்கத்தில் பலகையின் ஓரம் அடுக்கடுக்காகத் தெரியும். ஈரத்தை உறிஞ்சுவது அந்த ஓரம்தான். அதை மூடி நாலு பக்கமும் மரச் சட்டம் பொருத்தினால், பெட்டி கோணாது. கீலுக்கும் நல்ல பிடிப்பு.

பழைய மரக் கடையில் மேஸ்திரி ஒரு கதவுக் கட்டையில் உளியால் மெல்லிய சீவல் எடுத்து நீட்டினார். "மோந்து பாரும்மா. எண்ணெய்ப் பசை இருக்கு பாரு, கரையான் சீக்கிரம் கிட்ட வராது." கட்டையைத் தட்டிப் பார்க்க வேண்டுமாம். 'பொத்'தென்று சத்தம் வந்தால் உள்ளே பொந்து!

பக்கத்துக் கடையில் துறைமுகச் சரக்குப் பெட்டிகளைப் பிரித்த பைன் கட்டைகள் குவிந்திருந்தன. விலை மலிவு. ஆனால் முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படத்தோடு 'எச்.டி.' என்றிருந்தால், பூச்சி சாவதற்காக 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடு காட்டிய மரம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷ வாயு பிடித்தது. சமையலறைக்கு எச்.டி. மட்டும் போதும். முத்திரை சரியாக இருந்தாலும், எண்ணெய்க் கறை, ரசாயனக் கறை படிந்த கட்டை வேண்டவே வேண்டாம்.

தேக்கையே எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் போனோம். வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு மேஸ்திரியின் பட்டறையில் உட்கார்ந்தோம். சட்டங்களை 2 அங்குல அகலம், முக்கால் அங்குல கனத்துக்கு இழைத்தார். மரம் ஈரத்தில் அகலவாட்டில்தான் உப்பும். நீளவாட்டில் அநேகமாக மாறாது. சட்டம் குறுகலாக இருந்தால் உப்புவதும் குறைவு.

நெட்டுச் சட்டம் இரண்டும் மேலிருந்து கீழ்வரை முழுசாக ஓடும். குறுக்குச் சட்டங்கள் நடுவில் வரும். குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி சீவி, நெட்டுச் சட்டத்தில் துளை போட்டு, பசை தடவிச் செருகினார். பிறகு மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணல் இல்லை. இதை நாமே அளந்து பார்க்கலாம்!

உப்புத்தாள் தேய்ப்பதைப் பட்டறையிலேயே முடிக்கச் சொல்லிவிட்டேன். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. குழந்தை இருக்கிற வீட்டில் அந்தத் தூள் பறக்கலாமா? மேஸ்திரிக்கும் மூக்கை மூட ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுத்தோம்.

மேஸ்திரி சட்டங்களோடு ஆட்டோவில் முன்னால் போக, நாங்கள் மின்சார ரயிலில் விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூரில் இறங்கினோம். கொசஸ்தலையாறு கடலில் கலக்கிற ஊர். அனல் மின் நிலையப் புகைபோக்கிகளும் கண்ணில் படும். உப்புக் காற்றில் இரும்பு ஆணி துருப்பிடிக்கும் என்பதால், பித்தளைத் திருகாணியும் எவர்சில்வர் கீலும் வாங்கி வைத்திருந்தோம்.

சுவர் எங்குமே நேராக இருக்காது. அதனால் சுவரோரச் சட்டத்தை மட்டும் அரை அங்குலம் அகலம் கூட விட்டிருந்தார். சுவரின் வளைவை அதில் பென்சிலால் வரைந்து, கோட்டின்படி இழைத்து ஒட்ட வைத்தார். கரப்பான் போக வழியே இல்லை!

கீழ்ச் சட்டம் அலமாரியின் அடித்தட்டோடு சமமாக இருக்கட்டும் என்று நாத்தனார் கேட்டு வாங்கிக்கொண்டாள். அது உயர்ந்து நின்றால் பருப்பும் ரவையும் உள்ளேயே தங்கிப் பூச்சிக்கு விருந்தாகிவிடும். சமமாக இருந்தால் ஒரே துடைப்பில் வெளியே வந்துவிடும்.

கதவு சட்டத்தின் மேல் அரை அங்குலம் படிகிற மாதிரி இருந்தால் தூசி நுழைவது குறையும், மழைக் காலத்தில் சட்டத்துக்குள் சிக்கவும் சிக்காது. இரண்டு கதவுகளுக்கு நடுவே இரண்டு ஒரு ரூபாய்க் காசின் கனத்துக்கு இடைவெளி விட வேண்டும். பாலிஷ் போட்ட பிறகு, வாடை முழுக்கப் போகும்வரை திறந்து வையுங்கள். நாத்தனார் அந்த நாட்களில் பையனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

அலமாரி மாற்றினால் இழுப்பு போய்விடும் என்று நான் சொல்லவில்லை; மருந்து தொடரத்தான் வேண்டும். ஆனால் பூச்சிக்கு இடம் கொடுக்காத அலமாரி நம் கையில் இருக்கிறது. மிச்சக் கூலியைக் கொடுக்கும் முன் மூலை அளவு, சுவரோரம், கீழ்ச் சட்டம், திருகாணி இந்த நாலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.