ஆத்தாவுக்கு ஒரு வாளி வெந்நீர்

தை அமாவாசை. விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் சாலையில், சுருளிப்பட்டியை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சாலையோரம் திராட்சைப் பந்தல். கம்பியில் கோத்து நிற்கும் பனி சொட்டுச் சொட்டாக விழுகிறது. திதி கொடுக்கப் போகிறவர்களின் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகின்றன.

கடைக்கு எதிரே தென்னந்தோப்பு ஓரமாக ஒரு ஜீப். அதன் பின்னால் கொக்கி போட்டுக் கோத்த வெள்ளை டிரெய்லர். ஜன்னல் வைத்த சின்ன வீடு. படப்பிடிப்புக்கு வரும் கேரவன் தேனிப் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆனால் இது ஒரு குடும்பத்தின் வண்டி. நாற்பது வயது மகன், அவர் மனைவி, எழுபதைத் தாண்டிய தாய். மகன் தன் அப்பாவுக்குத் திதி கொடுக்க வந்திருக்கிறார். அருவியின் குளிரில் அம்மாவை நிறுத்த அவருக்கு மனசில்லை. இங்கேயே வெந்நீரில் குளிக்கவைத்துக் கூட்டிப்போக நினைக்கிறார்.

டிரெய்லரின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அதில் வலைக்கண் போட்டிருக்கிறது. அதற்குள் இருப்பதுதான் ஹீட்டர். இருபது லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் தொட்டி. கரண்டிலும் ஓடும், காஸிலும் ஓடும்.

மகன் முதலில் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. எந்த சுவிட்சையும் தொடவில்லை. உள்ளே போய் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டார். புஸ் புஸ்ஸென்று காற்றும் தண்ணீரும் மாறி மாறித் துப்பியது. துப்பல் நின்று, கயிறு போல ஒரே சீராக விழும்வரை காத்திருந்து மூடினார். தொட்டி நிறையாமல் கரண்டைப் போட்டால் உள்ளே இருக்கும் ராடு சில நொடிகளில் கருகிப்போகும். அவசரப்படாத கை அது.

பிறகு ஒயரை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "அண்ணே, அரை மணி நேரம் கரண்டு வேணும். என்ன ஆகுதோ குடுத்துர்றேன்."

"காசெல்லாம் வேணாம் தம்பி, சொருகுங்க" என்றார் கடைக்காரர்.

சொருகினார். கடையின் டியூப் லைட் ஒருமுறை துடித்து மங்கியது. கடைக்காரர் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். உடனே பிடுங்கிவிட்டார். "சுடுது தம்பி. இது பேனுக்கும் லைட்டுக்கும் போட்ட ஒயரு. தாங்காது."

அவர் சொன்னது சரி. 1500 வாட் ராடு 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அது சின்ன பிளக், 6 ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது. கூடலூரைத் தாண்டினால் லோயர்கேம்ப். முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் நான்கு பெருங்குழாய்களில் மலையிறங்கி அங்கே மின்சாரமாகிறது; அப்புறம்தான் நம் வயலுக்கு வருகிறது. மின்சாரம் பிறக்கும் மண்தான் இது. குறை இந்த ஒயரில். கேரளத்தில் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு திட்டம் அறிவித்து, மறு வருஷமே வாகமனில் வண்டிகளை நிறுத்தக் கரண்டும் தண்ணீருமாக ஓர் இடத்தைத் திறந்தார்கள். குமுளி ஏறினால் எட்டிவிடும் தூரம். நம் பக்கம் அப்படி ஓர் இடம் வந்தால், வயசானவர்களைக் கூட்டிவருகிறவர்களுக்கு எவ்வளவு நிம்மதி.

மகன் ஒயரைச் சுருட்டிவைத்துவிட்டு காஸுக்கு மாறினார். சிலிண்டரைத் திறந்தார், சுவிட்சைப் போட்டார். டிக் டிக் டிக். பற்றவில்லை. மறுபடி டிக் டிக் டிக். குழாயில் நின்ற காற்று வெளியேறும்வரை அப்படித்தான் இருக்கும். மூன்றாவது தடவை 'பக்'கென்று பிடித்தது.

பெஞ்சிலிருந்தே பார்த்தேன். வலைக்கண்ணுக்குப் பின்னால் தீ மஞ்சளாக நெளிந்தது. நாக்கு நாக்காக நீண்டு, மேலே தகரத்தில் கரி படியத் தொடங்கியது. எழுந்து போகலாமா என்று நினைத்த அதே நேரத்தில் கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, அமத்துங்க. தீ மஞ்சளா எரிஞ்சா காத்து பத்தலைன்னு அர்த்தம். எங்கயோ அடச்சிருக்கு."

அணைத்து, ஆறவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பர்னருக்குக் காற்று போகும் குழாயின் வாயில், சுண்டுவிரல் நுனி அளவுக்குக் களிமண் உருண்டை. குளவிக்கூடு. மாசக்கணக்கில் நின்ற வண்டியில் குளவிக்கு அதைவிட நல்ல இடம் எது? கடைப் பையன் ஓடிப்போய்த் தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவிவந்தான். கடைக்காரர் அதை வளைத்து உள்ளே விட்டு மெல்லத் திருப்பினார். மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நடுவே காய்ந்துபோன ஒரு சிலந்தி. குளவி தன் குஞ்சுக்கு வைத்த தீனி. பையன் அதை உள்ளங்கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

இம்முறை தீ நீலமாக நின்றது. சீறல்கூட மாறிவிட்டது, ஒரே சுருதி.

கடைக்காரருக்கு இது எப்படித் தெரியும் என்று மகன் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் செம்புப் பாய்லரின் நடுவிலும் ஒரு குழாய்தான்; அதற்குள் கரி, சுற்றிலும் தண்ணீர். டிரெய்லரில் இருப்பதும் அதே வகைதான். தொட்டிக்குள் ஓடும் குழாயில் தீயின் சூடு போகிறது. அதைச் சுற்றி நிற்கும் தண்ணீர் காய்கிறது. காற்று அடைத்தால் தீ என்ன செய்யும் என்பதைத் தினமும் பார்க்கிறவர் அவர்.

இருபது நிமிஷம். அவ்வளவுதான். ஒரு தொட்டித் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 55க்கு ஏற்ற சுமார் 100 கிராம் காஸ் போதும். கரண்டு என்றால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பனி கொட்டும் நாடுகளில் இந்த ஹீட்டருக்குத் தனிப் புரொப்பேன்தான் போடுவார்கள். நம் சிலிண்டரில் புரொப்பேனோடு பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் உறைபனிக் குளிரில் ஆவியாகாது. கம்பம் பள்ளத்தாக்கின் தைக்குளிருக்கு அந்தக் கவலை இல்லை.

ஹீட்டரின் வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. மருமகள் பதறினார். "ஒழுகுதுங்க!" மகன் சிரித்தார். சூட்டில் தண்ணீர் விரிகிறது. இடம் போதாமல் மிச்சம் வெளியே வருகிறது. அந்த வால்வை அடைத்தால்தான் ஆபத்து.

தோப்புக்குள் சேலை கட்டி மறைத்திருந்தார்கள். தாய் வாளிக்குள் நேராகக் கை விடவில்லை. புறங்கையை ஆவியில் காட்டிப் பார்த்தார். "விளாவு தாயி" என்றார் மருமகளிடம். பச்சைத் தண்ணீர் ஒரு செம்பு. மறுபடி பார்த்தார். இன்னும் அரைச் செம்பு. முதல் செம்பைக் கால்களில் ஊற்றிக்கொண்டு கண்ணை மூடியவர், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். மருமகள் சேலையை இழுத்துவிட, நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

ஈரத்தலையோடு கடைக்கு வந்தவரிடம் டம்ளரை நீட்டினார் கடைக்காரர். "குடிங்க ஆத்தா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்."

"திதி முடியாம பல்லுல பச்சத்தண்ணி படக்கூடாதுப்பா" என்றார் அவர். "வரும்போது குடிக்கேன்."

ஜீப் கிளம்பியது. நான் அங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்குக் காரணம், அந்த மஞ்சள் தீயைப் பார்த்ததும் நெஞ்சில் எழுந்த வேறொரு வீடு. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்பிள்ளை. ஜன்னல் சாத்திய குளியலறை. உள்ளேயே மாட்டிய காஸ் கீசர். கதவை உடைத்துத்தான் தூக்கினோம், பிழைத்துக்கொண்டாள். காஸ் கசிந்தால் நாறும். நாறவேண்டும் என்றே அதில் வாசனைப் பொருள் சேர்க்கிறார்கள். காற்றுப் போதாமல் எரியும் தீ விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. டிரெய்லரின் ஹீட்டர் வெளிப்பக்கமாக மூச்சு விடுவது அதனால்தான்.

உங்கள் வீட்டுக் குளியலறைக்குள் காஸ் கீசர் இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே அதை வெளிச்சுவருக்கு மாற்றிவிடுங்கள். அதுவரைக்கும் அடுப்பில் காய்ச்சி, விளாவிக் குளியுங்கள்.