சர்வர்களுக்கு ஒரு காவலன்

‘சர்வர்’ என்னும் சொல் நம்மவர்க்குப் புதியதன்று. மாதுங்காவின் சிற்றுண்டிச் சாலைகளில் இட்டிலியும் காப்பியும் கொண்டுவந்து வைக்கும் அன்பரை நாம் நெடுங்காலமாக அப்பெயரால்தான் அழைத்து வருகிறோம். 1964-இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தைக் கண்டு சிரித்தும் கண்கலங்கியும் வீடு திரும்பிய தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஆகவே, நாங்கள் மூவர் கூட்டாகச் சேர்ந்து சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தொழில் நடத்துகிறோம் என்று சொன்னபோது, ஊரிலுள்ள பெரியவர்கள் சிலர் நாங்கள் மும்பையில் ஓட்டல் வைத்திருப்பதாகவே எண்ணிக்கொண்டனர். அந்த எண்ணம் முற்றிலும் பிழை என்று சொல்வதற்கும் இல்லை. கணக்குப் பகுதியிலிருந்து ஒருவர் பழைய பற்றுச்சீட்டைக் கேட்கிறார். கிடங்கிலிருந்து மற்றொருவர் சரக்கின் இருப்பைக் கேட்கிறார். கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதே இந்த இயந்திரத்தின் தொழில். ஒரேயொரு வேற்றுமை உண்டு. ஓட்டல் சர்வருக்குக் காய்ச்சல் கண்டால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் சர்வருக்கு முகம் இல்லை. அதன் நலிவை அறிந்து சொல்ல வேறொரு கருவி வேண்டியிருக்கிறது. அக்கருவியை எவ்வாறு தேர்ந்தோம் என்பதையே இங்கு எழுத முற்படுகிறோம். சொந்தத்தில் கடையோ அலுவலகமோ நடத்தும் அன்பர்களுக்கு இது பயன்படக்கூடும்.

எங்களிடம் பொறுப்பை ஒப்படைத்திருப்பவை பெரிய நிறுவனங்கள் அல்ல. துறைமுகச் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் முகவர் ஒருவர், மருந்து மொத்த வணிகர் இருவர், ஒரு குளிர்பதனக் கிடங்கு, இரும்புக் கடைகள் சில. ஓரிடத்தில் இரண்டு இயந்திரம், மற்றோரிடத்தில் மூன்று. ஆயினும் அவை நின்றுபோனால் வரும் இடர் சிறியதன்று. நவசேவாவில் இறங்கும் சரக்குக்குரிய ‘பில் ஆப் என்ட்ரி’ என்னும் இறக்குமதிப் பத்திரம் உரிய காலத்துக்குள் சுங்கத் துறைக்குச் சென்று சேராவிடில், முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். துறைமுக வாடகை அதற்குமேல் தனி. மருந்து வணிகருக்கோ, சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கைச் செலுத்தும் 20-ஆம் தேதி உயிர்நிலை. ஆண்டில் 99.9 விழுக்காடு நேரம் தவறாமல் இயங்கும் என்று விற்பனையாளர் பெருமிதத்தோடு உறுதி கூறுவார். கணக்கிட்டுப் பார்த்தால், எஞ்சிய அந்தப் பத்தில் ஒரு விழுக்காடு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் ஆகிறது. அது எந்தத் தேதியில் வந்து விழும் என்பதை எந்த விற்பனையாளரும் சொல்லமாட்டார்.

காவற் கருவிகளுக்குச் சந்தையில் குறைவில்லை. எல்லாவற்றிற்கும் மூத்தது 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பார் எழுதிய ‘பிங்’ என்னும் சிறு நிரல். கடலடியில் நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையே அதன் பெயராயிற்று. இருக்கிறாயா என்று கேட்கும்; இருக்கிறேன் என்று விடை வரும்; அவ்வளவே. பள்ளியில் வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுத்துவிட்டு மேசைமேல் தலைசாய்த்து உறங்கும் மாணவனை நினைவுகூர்க. சர்வரும் அப்படித்தான். தரவுத்தளம் நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். எழுத்தர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பர். பிங்குக்கு மட்டும் தவறாமல் விடை வந்துகொண்டிருக்கும். ஆகவே, இருப்பதை மட்டும் கேட்கும் கருவி எங்களுக்குப் போதாது என்பதில் தொடக்கத்திலேயே தெளிவு இருந்தது. ஒரு பற்றுச்சீட்டை உண்மையாகவே கேட்டுப் பார்த்து, அது எத்தனை வினாடியில் வந்து சேர்ந்தது என்று குறித்துக்கொள்ளும் கருவி வேண்டும்.

1999-இல் ஈதன் கால்ஸ்டாட் வேறு பெயரில் வெளியிட்டு 2002-இல் ‘நாகியோஸ்’ எனப் பெயர் மாற்றிய கருவியை முதலில் ஆராய்ந்தோம். பழுத்த அனுபவசாலி. ஆனால் ஒவ்வொரு விதியையும் உரைக்கோப்பில் கையால் எழுத வேண்டும். எழுதியவர் விடுப்பில் சென்றால் மற்றவர் திண்டாட வேண்டும். 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்த ‘பிரமீதியஸ்’ மிகக் கூரிய அறிவுடையது. எனினும் அது நொடிக்கு நொடி பிறந்து மறையும் ஆயிரக்கணக்கான இயந்திரங்களை எண்ணிப் படைக்கப்பட்டது. எங்கள் இயந்திரங்களோ நட்ட இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் தென்னைகள். மாதவாடகைக்குக் கிடைக்கும் அமெரிக்கக் கருவிகள் அழகானவை. இயந்திரத்துக்கு இவ்வளவு என்று டாலரில் கட்டணம். ரூபாயில் ஊதியம் பெற்று டாலரில் வாடகை கொடுப்பதற்கு எங்கள் வரவுசெலவில் இடமில்லை.

இவ்வாறு நாங்கள் கருவிகளின் குணங்களை அட்டவணையிட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான், சரக்கு முகவரின் அலுவலகத்துக் கணக்காளர் ஒரு கேள்வி கேட்டார். திருநெல்வேலிப் பக்கத்தவர், அறுபதைக் கடந்தவர், கணினியைப் பற்றி அதிகம் பேசாதவர். எங்கள் அட்டவணையைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “மணி அடிக்கும், சரி தம்பி. அடிச்சா எந்திரிச்சுப் போறது யாரு?” என்றார்.

“நாங்கதான் ஐயா” என்றோம்.

“மூணு பேருமா? தினமுமா?”

அதன்பின் நாங்கள் அட்டவணையை மடித்து வைத்துவிட்டு, கேள்வியையே வேறு வகையில் கேட்கத் தொடங்கினோம். எக்கருவி அதிகம் காண்கிறது என்பதன்று. எக்கருவி தேவையின்றி எழுப்பாமல் இருக்கும் என்பதே கேள்வி. இது வெறும் உறக்கத்தைப் பற்றிய பேச்சன்று. ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், எங்களுக்கு முன் பொறுப்பிலிருந்தவர்கள் விலையுயர்ந்த கருவி ஒன்றை நிறுவிச் சென்றிருந்தனர். நாள்தோறும் இருநூறுக்குக் குறையாத எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வரும். நினைவகம் எண்பது விழுக்காடு ஆயிற்று என்று ஒன்று. எழுபத்தொன்பதுக்கு இறங்கிற்று என்று மற்றொன்று. அவற்றைப் பெற்றுவந்த ஊழியர், எல்லாம் தாமாகவே ஒரு தனி உறைக்குள் சென்று விழும்படி அமைத்துவிட்டார். அவரைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. எந்த மனிதனும் அதைத்தான் செய்வான். ‘பேக்கப்’ எடுக்கும் பணி ஐந்து மாதமாக நடைபெறவில்லை என்னும் செய்தியும் நாள் தவறாமல் வந்து அதே உறைக்குள் விழுந்துகொண்டிருந்தது. பிறகு வட்டு கெட்டது. எழுத்தர் இருவர் மூன்று வாரம், ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்த்து, காகிதச் சீட்டுகளைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்தனர். அவர்களுள் ஒருவர் அந்த மாதம் தம் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குச் செல்ல இருந்தவர்.

இரவில் எழுப்பத்தக்கவை எவை என்று எழுதிப் பார்த்தோம். பட்டியல் வியக்கத்தக்க அளவு குறுகியது. பற்றுச்சீட்டைக் கேட்டால் வரவில்லை. பேக்கப் ஒரு நாளைக்கு மேல் பழையதாகிவிட்டது. சர்வர் அறையின் வெப்பம் ஏறுகிறது. யுபிஎஸ் மின்கலத்தில் ஓடுகிறது. மற்றவையெல்லாம் காலையில் காப்பியோடு படித்தாற் போதும். வட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்பும் அத்தகையதே. பழுதுபட்ட பகுதிகளுக்கு மாற்றிடம் ஒதுக்கிய எண்ணிக்கை வாரந்தோறும் ஏறினால் புதிய வட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்காக நள்ளிரவில் யாரும் லாமிங்டன் சாலைக்கு ஓட வேண்டியதில்லை.

விழுக்காட்டைப் பற்றியும் ஒரு சொல். வட்டு 90 விழுக்காடு நிரம்பினால் எழுப்புக என்பது எல்லாக் கருவிகளிலும் காணப்படும் வழக்கமான விதி. 4 டெராபைட் வட்டில் மிச்சமுள்ள பத்து விழுக்காடு 400 ஜிகாபைட். எங்கள் இரும்புக் கடைக்காரருக்கு அது பல ஆண்டுகளுக்குப் போதும். 40 ஜிகாபைட் வட்டில் அதே பத்து விழுக்காடு வெறும் 4 ஜிகாபைட். பிழைக் குறிப்பு ஒன்று பொங்கி வழியத் தொடங்கினால் ஓரிரவு தாங்காது. குடத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைக் காட்டிலும் ஓட்டை எவ்வளவு பெரிது என்பதே முக்கியம். இந்த வேகத்தில் எத்தனை நாளில் நிரம்பும் என்று கணித்துச் சொல்லும் ஆற்றல் கருவிக்கு உண்டா என்பதை ஒவ்வொரு விற்பனையாளரிடமும் கேட்டோம். கேள்வி புரியாதவர்களிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டோம்.

2020 அக்டோபர் 12-ஆம் நாள் காலை பத்து மணியளவில் மும்பை நகரில் மின்சாரம் நின்றதையும், உள்ளூர் ரயில்கள் தண்டவாளத்தில் நின்றதையும் அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று ஒரு வாடிக்கையாளரிடம் முன்பே இருந்த பழைய கருவி நூற்றுக்கணக்கான செய்திகளை அனுப்பியது. சர்வர் இல்லை, தரவுத்தளம் இல்லை, அச்சுப்பொறி இல்லை, அதில் காகிதம் இல்லை! உண்மையில் நடந்ததோ ஒன்றே: மின்சாரம் இல்லை. எது எதைச் சார்ந்து நிற்கிறது என்று முன்னரே சொல்லிவைத்தால், வேர் அற்றபோது இலைகளைப் பற்றிப் புலம்பாமல் வேரை மட்டும் சொல்லும் கருவிகள் உண்டு. அந்தக் குணம் எங்கள் தேர்வில் பெரும்பங்கு வகித்தது.

காவலன் எங்கே நிற்க வேண்டும் என்பது மற்றொன்று. 2021 அக்டோபர் 4-ஆம் நாள் பேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றபோது, பழுதை ஆராய்வதற்குரிய அவர்களின் சொந்தக் கருவிகளிற் பலவும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்தமையால் கூடவே படுத்துவிட்டன. அவ்வளவு பெரியவர்களுக்கே அந்நிலை. வீட்டுக்குள்ளேயே பூட்டப்பட்ட காவலன் வீடு எரியும்போது யாரைக் கூப்பிடுவான்? ஆகவே, வேறோர் ஊரில் வாடகைக்கு எடுத்த மிகச் சிறிய இயந்திரம் ஒன்றில் ‘அப்டைம் கூமா’ என்னும் இலவசக் கருவியை வைத்தோம். அதற்கு ஒரே வேலை: எங்கள் பெரிய காவலன் உயிரோடு இருக்கிறானா என்று நிமிடந்தோறும் கேட்பது. காவலனே மயங்கி விழுந்திருக்கும்போது நிலவும் அமைதியை நலம் என்று எண்ணிவிடக் கூடாதல்லவா.

காவலனிடம் சாவிக்கொத்து முழுவதும் இருக்கிறது என்பதையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும். ‘சோலார்விண்ட்ஸ்’ நிறுவனத்தின் ‘ஓரியன்’ என்னும் கண்காணிப்புக் கருவியின் புதுப்பிப்புக்குள் கயவர்கள் நஞ்சைக் கலந்திருந்த செய்தி 2020 டிசம்பரில் வெளியாயிற்று. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதைத் தம் கையாலேயே இறக்கி நிறுவியிருந்தனர். அமெரிக்க அரசுத் துறைகளும் தப்பவில்லை. அதனால், வெளியிலிருந்து கதவைத் திறந்து உள்ளே வரும் கருவியை விட்டு, உள்ளிருந்து செய்தியை மட்டும் வெளியே அனுப்பும் முறையை விரும்பினோம். படிக்க மட்டும் உரிமை. எதையும் மாற்ற உரிமை இல்லை.

இவையனைத்தையும் வைத்துப் பார்த்து, லாத்வியாவின் அலெக்சி விளாதிஷெவ் 2001-இல் பொதுவில் வெளியிட்ட ‘சாபிக்ஸ்’ என்னும் கருவியைத் தேர்ந்தோம். விலையில்லை, ஆனால் தனக்கென ஓர் இயந்திரமும் தரவுத்தளமும் கேட்கும், பழகுவதற்கு எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. இணையம் அறுந்தால் அதன் உள்ளூர்ப் பிரதிநிதி செய்திகளைச் சேர்த்துவைத்து, தொடர்பு மீண்டதும் ஒப்படைக்கும். மழைக்காலத்து மும்பைக்கு இது பெரிய நன்மை. முதலாமவர் பத்து நிமிடத்தில் பதில் தராவிடில் இரண்டாமவரை எழுப்பும். படம் வரைந்து காட்டுவதில் பிற கருவிகளின் அழகு இதற்கு இல்லை. போகட்டும், படம் பார்க்க எங்களுக்கு நேரமும் இல்லை.

ஒன்றை மட்டும் எந்தக் கருவியும் தானாகச் செய்து தராது. 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு பிறப்பித்த ஆணைப்படி, பதிவேடுகளை 180 நாள் காத்துவைக்க வேண்டும். குறித்த வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கடிகாரங்களையும் ஒத்திசைத்து வைக்க வேண்டும். கண்காணிப்புக் கருவி சேர்க்கும் எண்கள் வேறு, பதிவேடுகள் வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்லி விற்பவர்களை நம்பவேண்டாம். அவ்வாறே, இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குரிய ஆயுள் படிப்படியாகக் குறைந்து, 2029 மார்ச்சு முதல் 47 நாள் என்றாகும் என 2025-இல் முடிவு செய்துள்ளனர். ஆண்டுக்கொருமுறை நாட்காட்டியில் குறித்துவைத்துப் புதுப்பித்த பழக்கம் இனிச் செல்லாது. காலாவதி நாளைக் காவலனே எண்ணிச் சொல்லவேண்டும்.

பழைய ஏற்பாட்டில் எங்கள் மூவரில் ஒரு குடும்பம் ஒவ்வொரு மே விடுமுறையிலும் மும்பையிலேயே தங்கிவிடும். பிள்ளைகள் தாத்தா பாட்டியைப் பார்ப்பது மூன்றாண்டில் இரண்டு முறை. இப்போது இரவில் அழைப்பு வருவது மாதத்துக்கு இரண்டோ மூன்றோதான். அவற்றிலும் பெரும்பாலானவற்றை ஊரிலிருந்தபடியே தீர்த்துவிடலாம். ஆகவே இம்முறை மூன்று குடும்பங்களும் புறப்படுகின்றன. ஆனால் ஒரே வண்டியில் அல்ல. கர்ஜத்துக்கும் லோனாவளாவுக்கும் இடையே மலையேறும்போது கைப்பேசித் தொடர்பு அறுபடும். அந்நேரத்து முறை யாருடையது என்று அட்டவணை எழுதி, சரக்கு முகவரின் கணக்காளரிடம் ஒரு படி கொடுத்திருக்கிறோம். அவர் அதை வாங்கி, மூன்று பெயர்களுக்கும் எதிரே கைப்பேசி எண் இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபார்த்த பிறகே மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார்.