புந்தோங்கில் ஒரு பழைய லேத்

ஈப்போவுக்குப் போகிற நம்மவர்களில் பலர் புந்தோங் பக்கம் போய் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்காமல் திரும்புவதில்லை. சென்ற பள்ளி விடுமுறையில் நானும் அப்படித்தான் பஸ் ஏறினேன். ஆனால் இம்முறை என்னை இழுத்தது முறுக்கு வாசனை அல்ல, ஒரு பழைய லேத்.

அதன் சொந்தக்காரர் எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் பிட்டராக இருந்த பெரியவர். ஓய்வுக்குப் பின் வாங்கிய அந்தக் கடைசல் இயந்திரத்தை வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகையில் வைத்திருக்கிறார். இப்போது கண் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். பழைய இரும்பு வாங்குபவர் எடை போட்டு விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

"வாத்தியாரே, இது இன்ன மிஷின்னு படிச்சுச் சொல்லுங்க. அப்புறம் குடுக்கிறேன்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பேரன் மோட்டாரில் துணிச் சக்கரத்தை மாட்டி, பெயர்த்தகட்டைக் கழற்றிப் பளபளப்பாக்கத் தயாராக நின்றான். நல்ல வேளை! அந்தச் சக்கரத்தில் அழுத்தினால் தேய்ந்த எழுத்து அடியோடு போய்விடும். பொருளின் மேல்விளிம்பு சக்கரத்தில் சிக்கினால் கையிலிருந்து பறித்து வீசியும் விடும். பிடிப்பதானால் சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே பிடிக்க வேண்டும். கையுறையும் தொங்கும் சட்டைக்கையும் ஆகவே ஆகாது. உங்கள் வீட்டுப் பையன்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தோம். முதலில் 'மைஃபோர்ட்', அடுத்து 'பீஸ்டன், நாட்டிங்ஹாம்' என்று தெரிந்தது. தகடு மட்டும் போதாது. ஒன்றின் தகட்டை இன்னொன்றில் மாட்டுபவர்களும் உண்டு. ஆகவே அளந்தோம். சுழலும் தண்டின் மையத்திலிருந்து அடிப்படுகை வரை மூன்றரை அங்குலம். ஆங்கிலேயர் லேத்தை இந்த உயரத்தால்தான் சொல்வார்கள். அமெரிக்கர் அதை இரட்டித்துச் சொல்வார்கள். இது தெரியாமல் ஏமாந்தவர்கள் உண்டு. நீளத் திருகில் ஓர் அங்குலத்துக்கு எட்டு மரை. அதன் கைச்சக்கரத்தில் நூற்றிருபத்தைந்து கோடுகள், ஒவ்வொன்றும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எல்லாம் பொருந்தியது: எம்.எல்.7. மைஃபோர்ட் நிறுவனம் 1934-இல் தொடங்கியது. போர் முடிந்து 1946-இல் இந்த வகை வெளிவந்தது. இங்கிலாந்தில் வீட்டுக் கொட்டகையில் சின்ன நீராவி எஞ்சின் செய்து மகிழ்பவர்களுக்கு இது செல்லப்பிள்ளை. பீஸ்டன் தொழிற்சாலை 2011-இல் மூடப்பட்டாலும் உதிரிப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. வைத்திருப்பவர்கள் லேசில் விடுவதில்லை.

படுகையில் துரு இருந்தது. பேரன் உப்புத்தாளை எடுத்தான். பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். தாளிலிருந்து உதிரும் பொடி எண்ணெயோடு சேர்ந்து நழுவும் பாகங்களுக்கிடையே புகுந்தால், அதுவே அரம்போல் தேய்த்துவிடுமாம். ஸ்டோரில் ஒரு நல்ல லேத் அப்படித்தான் ஆட்டம் கண்டது என்றார்.

"அப்போ கண்ணுக்கு என்ன வழி, ஐயா?" என்று கேட்டேன்.

"விலை தெரிஞ்ச ஆளாப் பார்த்துக் குடுக்கலாம். எடைக்கு வேணாம்."

படுகையில் குத்தியிருந்த எண்ணை டார்ச் அடித்துத் தேடினோம். பேரன் ஒவ்வொன்றாக வாசிக்க, அவனுடைய பள்ளி நோட்டில் நான் எழுதிக்கொடுத்தேன். பெரியவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொன்னார்.