களிம்பும் விரிசலும்

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு பழைய வீட்டின் நிலவறையில் சனிக்கிழமை இரவுகளில் ஒரு சிறு உருளை சுழலத் தொடங்கும். ரப்பர் உறையிட்ட அந்த உருளைக்குள் நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், குவியலாக எஃகுக் கம்பித் துண்டுகள், இருநூறு பித்தளைத் தோட்டாக் கூடுகள். மேல்தளத்தில் வாடகைக்கு இருந்த இந்திய மாணவிக்கு அந்த ஒலி முதலில் மாவரைக்கும் கிரைண்டரை நினைவூட்டியது. உலோகவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்றவர் அவர். கீழே இருந்தவர் ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளர், எழுபதைக் கடந்தவர், இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குச் செல்பவர். தமக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்பவர்.

அந்த நாட்டில் இது அரிய பழக்கம் அன்று. தோட்டாவின் உறுப்புகளுள் பெரும்பாலும் விலை கூடியது அதன் பித்தளைக் கூடுதான். குண்டு பறந்துவிடும், வெடிமருந்து எரிந்துவிடும், அடியில் இருக்கும் பிரைமர் ஒரு முறைக்கே உதவும். கூடு மட்டும் எஞ்சும். நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை அது. சுடும் கணத்தில் விரிந்து துப்பாக்கியின் அறைச்சுவரோடு ஒட்டி வாயுவைப் பின்னே கசியவிடாமல் அடைக்கும். அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி அறையிலிருந்து எளிதாக வெளிவரும். விரியவும் மீளவும் தெரிந்த இந்தக் குணத்துக்காகவே பித்தளை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும் ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் அது சிறிது இறுகுகிறது, சிறிது மெலிகிறது. எத்தனை முறை தாங்கும் என்பதற்கு உறுதியான எண் கிடையாது. ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்காகத்தான் கழுவுகிறார்கள். இதை அம்முதியவர் மாணவியிடம் பலமுறை கூறியிருக்கிறார். சுட்ட கூடு கரி படிந்து கறுத்திருக்கும். அந்தக் கரியின் கீழே கழுத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு இருக்கலாம். அடிப்பகுதிக்குச் சற்று மேலே, உலோகம் மெலிந்ததைக் காட்டும் ஒளிர்வளையம் ஒன்று இருக்கலாம். அவருடைய துப்பாக்கிக்கு உரிய தோட்டாவில் எழும் உச்ச அழுத்தத்தின் வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. சுடுபவரின் கன்னத்துக்கு ஒரு சாண் தொலைவில் நிகழ்வது அது. மெலிந்த கூடு அங்கே இரண்டாகப் பிரிந்தால் கண்ணும் விரலும் தப்புமா என்பது நல்லூழைப் பொறுத்தது.

முன்பு அவர் உலர்முறையில் துலக்கிவந்தார். பொடித்த வால்நட் ஓட்டுக்குள் கூடுகளை இட்டு அதிரும் கிண்ணத்தில் சில மணி நேரம் விடுவார், பிறகு சலிப்பார். சலிக்கும்போது எழும் சாம்பல்நிறத் தூசியை அவர் பொருட்படுத்தியதில்லை. ஒரு முறை இரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவு கூடியிருப்பதாக மருத்துவர் சொன்னார். பெரும்பாலான பிரைமர்களில் ஈய ஸ்டிஃப்னேட் என்னும் சேர்மம் உண்டு. அது வெடித்தபின் ஈயம் கூட்டின் உட்புறத்திலும் அடிக்குழியிலும் படிகிறது. உலர்முறை அந்தப் படிவைப் பொடியாக்கிக் காற்றில் கலக்கிறது. வார இறுதியில் பேரக்குழந்தைகள் வந்து விளையாடும் நிலவறை அது. அன்றோடு கிண்ணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நீர்முறைக்கு மாறினார்.

நீர்முறையின் நுட்பம் எளியது. முதலில் பழைய பிரைமரை ஊசியால் தள்ளி வெளியேற்ற வேண்டும். அமெரிக்கத் தோட்டாக்களில் அடிக்குழியின் நடுவே ஒரே துளை இருப்பதால் இது இயலும். அந்த அமைப்பு எட்வர்ட் பாக்ஸர் என்னும் ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கியது; ஐரோப்பாவில் பரவிய இருதுளை அமைப்போ ஹைரம் பெர்டன் என்னும் அமெரிக்கரின் பெயரைத் தாங்கியது. பிரைமரை நீக்கிய கூடுகள் உருளைக்குள் போகும். ஒரு மில்லிமீட்டர் தடிப்பும் ஆறு மில்லிமீட்டர் நீளமும் கொண்ட துருப்பிடிக்காத எஃகுத் துண்டுகள் கூட்டின் உள்ளேயும் குழியின் மூலைகளிலும் புகுந்து தேய்க்கும். சோப்பு கரியைப் பிரித்து நீரில் தாங்கிக்கொள்ளும். அமிலம் களிம்பைக் கரைக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் கூடுகள் புதிய தங்கம்போல் வெளிவரும்; நீரோ மைபோலக் கறுத்திருக்கும். ஈயம் காற்றுக்குப் போகாமல் நீருக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நீரை அவர் தோட்டத்தில் ஊற்றுவதில்லை. கலன்களில் சேர்த்து, நச்சுக்கழிவு வாங்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவருவார். அழுக்கு அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

அளவுக்கு மீறிய துப்புரவையும் அவர் அஞ்சினார். நெடுநேரம் சுழன்றால் கூடுகள் ஒன்றோடொன்று மோதி வாய்விளிம்பு மழுங்கும். அமிலம் மிகுந்தால் துத்தநாகம் கரைந்து பித்தளை இளஞ்சிவப்பாகும். கழுத்தின் உட்புறக் கரி முழுதும் போய்விட்டால் குண்டு உலோகத்தை வறட்சியாகப் பற்றிக்கொள்ளும். முன்பு அந்த மெல்லிய கரியே மசகாக இருந்தது. ஈரம் உள்ளே தங்கினால் மருந்து நமத்துப்போகும். ஆகவே கழுவுவதில் காட்டும் கவனத்தை நிறுத்துவதிலும் காட்டுவார்.

மாணவிக்குப் பித்தளை துலக்குவது புதிதன்று. பாட்டியின் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்குவது சிறுவயதில் அவருடைய வேலை. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் அந்த உருளையிலிட்ட சிட்ரிக் அமிலமும் களிம்பைக் கரைக்கும் விதம் ஏறத்தாழ ஒன்றே. எனவே முதியவர் பிறந்தநாளுக்கு ஏதேனும் செய்ய நினைத்தபோது, அவர் மேசையில் ஒதுக்கிவைத்திருந்த ஐம்பது கூடுகள் கண்ணில் பட்டன. நெடுநாள் கிடந்து களிம்பேறியவை. கடையிலிருந்து பித்தளைக்கான மெருகுநீர் ஒரு புட்டி வாங்கிவந்தார். மூக்கைத் துளைக்கும் நெடி அதற்கு. மாலை முழுதும் ஒவ்வொன்றாகத் துடைத்து, கண்ணாடிபோல் மினுங்கவைத்து, வரிசையாக அடுக்கிவைத்தார்.

மறுநாள் காலை முதியவர் அவற்றைப் பார்த்து மகிழ்ந்தார். ஒன்றை எடுத்து முகர்ந்தார். எதில் துடைத்தீர்கள் என்று கேட்டார். புட்டியைக் காட்டியதும் அதன் பின்புறத்தைப் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, குறடை எடுத்து, ஒவ்வொரு கூட்டின் வாயையும் நசுக்கத் தொடங்கினார். இனி யாரும் தவறியும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக நசுக்குவது அது. சினம் இல்லை, ஒரு சொல் கடுமையாக இல்லை. ஐம்பதையும் நசுக்கி முடித்தபின், அம்மோனியா, என்று மட்டும் சொன்னார். ஒரு மாலைப்பொழுதில் அவை கெட்டுப்போயிருக்குமா என்று மாணவி கேட்டார். கெட்டிருக்காமலும் இருக்கலாம், பார்த்துச் சொல்ல முடியாது, அதனால்தான், என்றார் அவர்.

மாணவிக்குப் பேச்செழவில்லை. அவமானத்துக்குக் காரணம் ஐம்பது கூடுகள் அல்ல. இதற்கான விடையை அவர் இளநிலைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தார். உலோகவியல் படிக்கும் எவரும் கடந்துசெல்லும் பாடம் அது. ஆங்கிலத்தில் பருவ விரிசல் என்னும் பொருள்படப் பெயரிட்டிருப்பார்கள். அது முதலில் கவனிக்கப்பட்ட இடம் இந்தியா.

ஆங்கிலேயப் படை இந்தியாவில் மழைக்காலத்தில் இயக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்தார்கள். மழை ஓய்ந்து பெட்டிகளைத் திறந்தபோது, ஒரு முறையும் சுடப்படாத புதிய கூடுகள் பல வெடித்திருந்தன. குறிப்பாகக் குண்டைப் பற்றியிருக்கும் கழுத்துப் பகுதியில். யாரும் அவற்றை அடிக்கவில்லை, வளைக்கவில்லை. நெடுங்காலம் இது புதிராகவே இருந்தது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் இதற்கு விளக்கம் தந்தனர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, மழைக்காலத்து ஈரத்தோடு சேர்ந்து பித்தளையின் மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகள் வழியே ஊடுருவியிருந்தது.

ஆனால் விளக்கத்தின் பாதிதான் அம்மோனியா. மறுபாதி கூட்டுக்குள்ளேயே இருந்தது. தட்டையான பித்தளை வில்லையைக் கிண்ணமாக்கி, படிப்படியாக இழுத்து நீட்டி, கழுத்தைக் குறுக்கித்தான் கூடு செய்கிறார்கள். அப்படி வலிந்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அந்த இறுக்கம் இல்லாத பித்தளையை அம்மோனியா அரிக்கும், இப்படிப் பிளக்காது. அம்மோனியா தீண்டாத இறுக்கமோ ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கிடக்கும். இரண்டும் சேரும்போதுதான் விரிசல். ஆகவே தீர்வும் இரண்டாக அமைந்தது: லாயத்திலிருந்து தோட்டாவை விலக்குவது ஒன்று, கூட்டை மிதமாகச் சூடேற்றி உள்ளிறுக்கத்தைத் தளர்த்துவது மற்றொன்று.

தமிழில் களிம்பு என்னும் சொல்லுக்கு நெடிய வாழ்வுண்டு. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தைச் செம்பில் களிம்புக்கு ஒப்பிடுகிறது. வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, உடன்பிறந்தது என்பது அதன் கருத்து. வேதியியலோ களிம்பை மேற்பரப்பில் காற்றும் ஈரமும் செய்த வேலை என்கிறது. அந்தப் பித்தளைக் கூட்டில் உடன்பிறந்த குறை ஒன்று உண்டென்றால் அது உள்ளிறுக்கம்தான். பாட்டியின் புளி களிம்போடு நின்றுவிட்டது. மெருகுநீர் களிம்பையும் நீக்கியது, உள்ளே உறங்கியதையும் தட்டி எழுப்பக்கூடியதாக இருந்தது. வெளியில் தெரிந்த பளபளப்பு இரண்டுக்கும் ஒன்றே.

அன்று மாலை மாணவி லாயங்களின் கதையை முதியவருக்குச் சொன்னார். அம்மோனியா கூடாது என்பதை அவர் தந்தையிடமிருந்து விதியாகக் கற்றிருந்தார். அதன் காரணம் இந்திய மழைக்காலத்தில் கிடந்தது அவருக்குப் புதுச்செய்தி. இந்தியாவில் எங்கே என்று ஆவலோடு கேட்டார். தோட்டா தொடர்பான ஓர் இந்தியப் பெயர்தான் அவருக்குத் தெரியும்: டம்டம். உடலுக்குள் விரியும் குண்டுகளுக்கு அப்பெயர் வந்ததும், 1899-இல் ஹேக் மாநாடு அவ்வகைக் குண்டுகளைத் தடைசெய்ததும் அவர் அறிந்தவை. மாணவிக்கு டம்டம் என்றால் விமான நிலையம். அவர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிய கொல்கத்தா நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த ஊருக்கு இன்னொரு தோட்டாக் கதையும் உண்டு.

1857 ஜனவரியில் டம்டம் ஆயுதச்சாலையில் வேலைசெய்த தாழ்த்தப்பட்ட சாதித் தொழிலாளி ஒருவர், பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் சொம்பில் குடிக்க நீர் கேட்டார் என்பது அக்காலப் பதிவு. சிப்பாய் மறுத்தார், அவர் தொட்டால் துலக்கிய சொம்பு தீட்டாகிவிடும். கேட்டவர் திருப்பிச் சொன்னார்: இன்னும் சில நாளில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் பூசிய தோட்டாவைக் கடிக்கப்போகிறீர், உம்முடைய சாதி அப்போது எங்கே இருக்கும் என்ற பொருளில். அந்தச் செய்தி படைமுகாம்களில் பரவியது. அன்றைய தோட்டா பித்தளையால் ஆனதன்று, காகித உறை. கார்ட்ரிட்ஜ் என்னும் சொல்லின் வேரே காகிதம்தான். ஆயினும் கொழுப்பு மட்டும் கலகத்தை உண்டாக்கிவிடவில்லை. 1856-இல் அயோத்தி அரசு பறிக்கப்பட்டிருந்தது. கடல்கடந்து செல்லவும் இசையவேண்டும் என்னும் விதி அதே ஆண்டில் வந்திருந்தது. படைக்குள் இறுக்கம் முன்பே இருந்தது. கொழுப்பு அதைத் தீண்டியது.

அந்தச் சொம்பும் நினைக்கத்தக்கது. நன்றாகத் துலக்கப்பட்டிருந்தது, அதில் ஓர் அழுக்கும் இல்லை. அந்தத் தூய்மையைக் காப்பதற்காக ஒரு மனிதரின் தாகம் பார்க்கப்படாமல் போயிற்று. பார்ப்பதற்காகத் துலக்குவது ஒன்று. பார்க்காமலிருப்பதற்காகத் துலக்குவது வேறு. இரண்டும் கையின் ஒரே அசைவால் நடப்பவை என்பதால் எளிதில் குழம்பிவிடுகின்றன. ஆய்வுலகில் தரவைத் தூய்மைப்படுத்துவோரும் இந்தக் குழப்பத்துக்கு விலக்கல்லர்.

அடுத்த சனிக்கிழமை உருளை நின்றபின் முதியவர் மாணவியைக் கீழே அழைத்தார். முனை வளைத்துக் கூராக்கிய ஒரு மெல்லிய கம்பியைக் கையில் கொடுத்தார். அதைக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரை உரசியபடி மேலே இழுக்க வேண்டும். உட்சுவரில் பள்ளம் விழுந்திருந்தால் முனை அங்கே சிக்கும். கண்ணுக்கு எட்டாததைக் கைக்குக் காட்டும் வழி அது. மாணவி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். நாற்பதையொட்டிய ஒன்றில் கம்பி லேசாகத் தடுக்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாசு மருவற்று மின்னியது. மறுபடி இழுத்தார். மறுபடி தடுக்கியது.

இம்முறை குறடு அவர் கையில் இருந்தது.