பெரியவர் நடக்கிற ரோடு

பள்ளி விடுமுறை வருது. நம்ம கோயில் குடும்பங்களில் பல பேர் காடி எடுத்துக்கிட்டு கிளந்தான் பக்கம் போவீங்க. அதனால போன முறை நாங்கள் பார்த்ததை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

திருவிழா வேலையெல்லாம் முடிந்த பிறகு தொண்டர்கள் எட்டு பேர் ஒரே வேனில் சுங்கைப்பட்டாணியிலிருந்து கிளம்பினோம். பாலிங்கில் பசியாறிவிட்டு, பெங்காலான் உலு வழியாக கெரிக் போய்ச் சேர்ந்தோம். அங்கேயிருந்து ஜெலி வரைக்கும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை, சுமார் 120 கிலோமீட்டர். 1982-ல் திறந்த ரோடு. பெலும்-தெமெங்கோர் காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. மலேசியாவில் உள்ள 10 வகை இருவாச்சிப் பறவைகளும் இந்தக் காட்டில் உண்டு.

எங்களோடு வந்த மூத்த தொண்டர் ஐயா ஒருவர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு நிரைக்குப் போன ஆள். "மிருகத்தைத் தேடாதீங்கப்பா, அது விட்டுட்டுப் போனதைத் தேடுங்க" என்றார். ஒடிந்த மூங்கில், ரோட்டோரம் சாணம், மண்சரிவில் கால்தடம். சாணம் ஈரமா இருந்தா பக்கத்தில்தான் நிக்குதுன்னு அர்த்தம். காட்டுக்குள்ள 'யானை'ன்னு சொல்லக்கூட விடமாட்டார், 'பெரியவர்'னுதான் சொல்லணும். மலாய்க்காரர்கள் புலியை 'தோக் பெலாங்' என்று மரியாதையாகச் சொல்வதும் இப்படித்தான்.

பூலாவ் பண்டிங் தாண்டி, சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ஐயா மெல்ல, "நிறுத்துப்பா" என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பாறை மாதிரி இருந்தது காதை அசைத்தது! மூன்று பெரியவர்கள், நடுவில் ஒரு கன்று. ரோட்டோரப் புல்லை மேய்ந்துகொண்டு நின்றார்கள்.

தூரத்திலேயே நிறுத்திவிட்டோம். பின்னால் வந்த காடி ஹாரன் அடித்தது. தாய் உடனே கன்றை மறைத்துக்கொண்டு, காதை விரித்து எங்கள் பக்கம் திரும்பியது. வேனுக்குள் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. ஐயா ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டி, பின்னாடி காடிக்குப் பொறுங்க என்று காட்டினார். நல்லவேளை, அவர்களும் நின்றார்கள். இருபது நிமிஷம் கழித்து நான்கும் காட்டுக்குள் இறங்கின.

இதே ரோட்டில்தான் 2025 மே 11, அன்னையர் தினத்தன்று, ஒரு கன்று லாரியில் அடிபட்டு இறந்தது. தாய் லாரியை முட்டி முட்டி, குட்டியை விட்டு நகராமல் மணிக்கணக்கில் நின்றது. அந்த வீடியோவைப் பார்த்து நாமெல்லாம் அழுதோம். கெரிக் பக்கம் விலங்குகள் அடியில் கடந்து போக மேம்பாலம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ரோட்டோரம் வெயில் படுகிற இடத்தில் புல் நன்றாக வளர்வதால், பெரியவர்கள் ரோட்டுக்கே வருகிறார்கள். பெரும்பாலும் ராத்திரியில்தான் கடக்கிறார்கள். கருத்த உடம்பு, இருட்டில் கிட்டே போகும்வரை தெரியாது.

அதனால் சில வேண்டுகோள். இந்த ரோட்டைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். வளைவில் வேகம் வேண்டாம். பெரியவரைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள், ஹாரனும் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். செல்ஃபிக்காக யாரும் இறங்காதீங்க. வாழைப்பழம் போடாதீங்க, அது பக்தி இல்லை. பழம் கிடைக்கும்னு பழகிட்டா, அடுத்த காடியிலும் தேடி ரோட்டுக்கு வந்து நிற்கும்.

காடி வாங்கினால் முதலில் பிள்ளையார் முன் நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கித்தானே ஓட்டுகிறோம்? அந்த முகத்தோடு எதிரில் ஒரு உயிர் வரும்போது பிரேக்கில் கால் வைப்பதும் பூஜைதான்.

பத்திரமா போயிட்டு வாங்க. வந்ததும் என்னென்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க.

அன்புடன்,
கோயில் தொண்டர் குழு