பின்வீல் எங்கே போகிறது

கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் தேனியிலிருந்து நேராக வண்டி ஏறாது. போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில்தான் மறுபடி தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். சூரியநெல்லியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். மேலே 7,000 அடியைத் தாண்டிய உயரத்தில் தேயிலைத் தோட்டமும் பழைய தேயிலைத் தொழிற்சாலையும் இருக்கின்றன. இந்த 12 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் குறையாமல் பிடிக்கும் என்றால் பாதையின் லட்சணத்தை யோசித்துக்கொள்ளுங்கள். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் இருட்டோடு காரைக் கீழேயே நிறுத்திவிட்டு ஜீப்புக்கு மாறிவிடுவார்கள். அந்த ஜீப் ஓட்டுகிற தொழிலைத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்தவரை அண்ணன் என்றே கூப்பிடுவேன். தூரத்து உறவும்கூட. அவரிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று மகிந்திரா எம்எம் 540. இன்னொன்று கமாண்டர், பின்னால் பக்கவாட்டில் எதிரெதிராக இருக்கை போட்டது. இரண்டிலும் ஃபோர்வீல் உண்டு. ஸ்டாண்டில் முன்னதைக் குட்டை என்பார்கள், பின்னதை நீளம் என்பார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், இரண்டுக்கும் வேறு. அவ்வளவுதான் வித்தியாசம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

வண்டி கழுவுவது, ஸ்பிரிங் பட்டைக்குக் கிரீஸ் அடிப்பது, ஏற்றத்தில் நின்றால் குதித்து இறங்கி டயருக்கு அண்டை கொடுப்பது என்று கொஞ்ச காலம் போனபிறகு ஸ்டியரிங் கொடுத்தார். குட்டையைத்தான் தருவார் என்று எதிர்பார்த்தேன். நீளத்தைக் கொடுத்தார். “குட்டையில நீ தப்பா ஓட்டுனாலும் பாதி எடத்துல அதுவே போயிரும்டா தம்பி. நீளம் போகாது. அதுல பழகு, அப்பத்தான் கண்ணு தொறக்கும்.”

அதற்கும் முன்னால் வண்டியில் ஏறவே விடாமல் நடக்க வைத்தார். அவர் ஃபோர்வீலில் லோ, அதாவது வேகம் குறைத்து இழுவை கூட்டுகிற நிலை, போட்டு முதல் கியரில் ஊர்ந்து வருவார்; நான் பக்கத்தில், உள்வளைவுப் பக்கத்துப் பின்வீலைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். “முன்வீலு எங்கிட்டுப் போனா நமக்கென்ன, அது நான் பாத்துக்கிருவேன். பின்வீலு எங்கிட்டுப் போகுதுன்னு சொல்லு.” முன்வீல் கல்லைச் சுற்றிக்கொண்டு போகும். பின்வீல் வளைவின் உட்பக்கம் சாய்ந்து வந்து அதே கல்லின் மேல் ஏறும். அதே இடத்தில் குட்டையை ஓட்டிக் காட்டினார். பின்வீல் கல்லை உரசினாற்போல் தப்பித்துப் போனது. பள்ளிக்கூடத்தில் வெறுத்த பிதாகரஸ் தேற்றம் இங்கேதான் வந்து நிற்கிறது. முன்வீல் 5.5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பினால், 2,450 மில்லிமீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில் அதே பக்கத்துப் பின்வீல் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஓடும். 2,850 உள்ள வண்டியில் 80 சென்டிமீட்டர். அண்ணனுக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் எந்த வளைவில் எந்தக் கல்லுக்கு எத்தனை சாண் விட வேண்டும் என்பது தெரியும்.

கொண்டை ஊசி வளைவில் இந்தக் கணக்குக்கு விலையே வேறு. குட்டை ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும். நீளத்தை முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி ஒடிக்க வேண்டும். பின்னால் எடுக்கும்போது பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நிற்கும். உள்ளே இருப்பவர்கள் பேச்சை நிறுத்துவது அந்த இடத்தில்தான். உதவியாள் இறங்கி அண்டைக்கல்லோடு நிற்காமல் அங்கே ரிவர்ஸ் எடுக்கக் கூடாது என்பது அண்ணன் வைத்த சட்டம். அவருக்கு அவரே உதவியாளாக இருந்த காலத்திலும் இறங்கிக் கல் வைத்துவிட்டுத்தான் ஏறுவாராம்.

அடுத்தது மேடு. பாதையின் குறுக்கே பாறை முதுகு போல எழும்பியிருக்கும். முன்வீல் ஏறி இறங்கியபின் வண்டியின் வயிறு அதில் உட்காரும். வீல்பேஸ் நீள நீள, நடுவயிறு தரையை நெருங்கும். முன்வீலுக்கும் பின்வீலுக்கும் நடுவில் எவ்வளவு கூர்மையான மேட்டை வண்டி தட்டாமல் தாண்டும் என்பதற்கு ராம்ப் ஓவர் கோணம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சுசுகி ஜிம்னியில் மூன்று கதவு வண்டிக்கு வீல்பேஸ் 2,250 மில்லிமீட்டர், கோணம் 28 டிகிரி. இந்தியாவில் விற்கிற ஐந்து கதவு வண்டிக்கு 2,590, கோணம் 24. தரையிலிருந்து உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான். மகிந்திரா தார் வண்டியின் 2,450 வீல்பேஸ், தார் ராக்ஸில் 2,850 ஆனபோதும் இதே கதைதான். 27 டிகிரி 24-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மூன்று நாலு டிகிரி என்றால் அற்பமாகத் தெரியும். பாறைமேல் வயிறு உட்கார்ந்து நாலு வீலும் சும்மா சுற்றும்போது அற்பமாகத் தெரியாது. நீளத்தில் அப்படிப்பட்ட மேட்டை நேராக ஏறாமல் சாய்வாக ஏற வேண்டும். ஒரு வீல் மேட்டின் உச்சியில் இருந்தால் வயிறும் அதோடு தூக்கிக்கொள்ளும். சாய்வாக ஏறப் பாதையில் அகலம் இல்லாவிட்டால் கல்லடுக்கிப் பள்ளத்தை நிரப்பு. வேறு வழியில்லை.

இதுவரை படித்தவர்கள் குட்டைதான் உசத்தி என்று முடிவு கட்டியிருப்பீர்கள். வண்டி விற்கிறவர்களும் வீடியோ போடுகிறவர்களும் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏற்றத்துக்கு வாருங்கள்.

30 சென்டிமீட்டர் உயரப் படி ஒன்றில் முன்வீல் ஏறுகிறது என்று வையுங்கள். பழைய வில்லிஸ் சிஜே 3பி ஜீப்பின் வீல்பேஸ் 80 அங்குலம். மகிந்திரா இங்கே வெகுகாலம் செய்துவந்த ஜீப் அது. அதன் மூக்கு எட்டரை டிகிரி மேலே தூக்கும். 2,850 மில்லிமீட்டர் வண்டியில் ஆறு டிகிரிதான். இது ஏற்கெனவே செங்குத்தான ஏற்றத்தின் மேல் கூடுதலாக வருகிற தூக்கல். எடை பின்னால் சரியும், முன்வீலில் பிடிப்புக் குறையும், ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். ஒடித்தாலும் வண்டி நேரே போகும். படிபடியாகக் கல் கிடக்கும் ஏற்றத்தில் குட்டை முரட்டுக் குதிரை போலத் துள்ளும். ஒரு துள்ளல் அடங்குவதற்குள் அடுத்த கல் வந்துவிடும். நீளம் அதே ஏற்றத்தில் தவழ்ந்து போகும். பாறையில் ஈரமும் பாசியும் படிந்த துண்டு ஒன்று குறுக்கே கிடந்தால், குட்டையின் நாலு வீலும் ஒரே சமயத்தில் அதன்மேல் வந்து நிற்கும். நீளத்தில் பெரும்பாலும் ஒரு அச்சாவது காய்ந்த இடத்தில் இருக்கும்.

ஆனால் நீளத்துக்கும் ஒரு பொறி உண்டு. அதை வைப்பது வண்டி இல்லை, நாம். கமாண்டரில் கடைசியில் உட்காருகிறவர்களின் எடை பின் அச்சுக்குப் பின்னால் விழுகிறது. அது சீசா மாதிரி முன்னாலுள்ள அச்சைத் தூக்கும். வீல்பேஸ் கொடுத்த லாபம் அங்கே கரைந்துவிடும். செங்குத்து வருவதற்கு முன் அண்ணன் வண்டியை நிறுத்தி, “பெரியவுக ரெண்டு பேரு முன்னாடி நகந்து உக்காருங்க, பையெல்லாம் காலுக்கடியில வைங்க” என்பார். சுற்றுலாக்காரர்களுக்குக் காரணம் புரியாது. சிலர் முகம் சுளிப்பார்கள். அவர் விளக்கம் சொல்ல மாட்டார், நகரும்வரை வண்டியை எடுக்கவும் மாட்டார்.

இறக்கத்தில் இரண்டுக்கும் பாடம் ஒன்றுதான்: லோவில் முதல் கியர் போட்டுவிட்டு என்ஜினைப் பிடிக்கவிடு, பிரேக்கை மிதித்து வீலை நிறுத்திவிடாதே. இதை மீறினால் தண்டனை இரண்டுக்கும் வேறு. சரளையில் பின்வீல் பூட்டிக்கொண்டால் குட்டை சட்டென்று பக்கவாட்டில் திரும்பும், பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். நீளம் மெல்லத்தான் திரும்பும். பிரேக்கை விட்டு நேராக்க நமக்கு நேரம் கிடைக்கும். மழைக்காலச் சேற்றிலும் அப்படியே. தடத்தில் விழுந்த நீளம் தடத்தோடு போகும், குட்டைக்கு ஆட்டம் அதிகம்.

கடைசியில் குட்டை கைக்கு வந்தபோது புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது வேகம் மட்டுமே. இன்னும் மெதுவாக, ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி அடங்கவிட்டுப் போக வேண்டும். பின்வீலைப் பார்க்கிற கண் ஏற்கெனவே இருந்தது.

நீளமா குட்டையா என்பது உலகமெங்கும் பழைய வழக்குதான். 1948-இல் வந்த முதல் லேண்ட் ரோவரின் வீல்பேஸும் 80 அங்குலமே. பத்தாண்டுக்குள் அதே கம்பெனி 88 அங்குலம், 109 அங்குலம் என்று இரண்டு நீளத்தில் விற்றது. பின்னால் வந்த டிஃபெண்டர் 90, 110 என்ற பெயர்களே வீல்பேஸ் அங்குலத்தை வைத்து வந்தவைதான், 90 என்பது உண்மையில் 93-ஐ ஒட்டி இருந்தாலும். நம் ஊரில் 1985-இல் வந்த மாருதி ஜிப்சியும் சுசுகியின் குட்டை வண்டியை 2,375 மில்லிமீட்டருக்கு நீட்டியதுதான். ராணுவமும் போலீஸும் காட்டிலாகாவும் அதைத்தான் ஆண்டுக்கணக்கில் ஓட்டின. நீட்டிய காரணம் பெரும்பாலும் ஆளும் சாமானும்தான். மலையில் கிடைத்த நிதானம் உபரி.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவரோ இருவரோ காட்டுப்பாதை, குறுகலான திருப்பம், பாறை என்று தேடிப் போவதானால் குட்டை. குடும்பமும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு மலைத்தோட்டப் பாதையில் போவதானால் நீளம். அதற்கு அடியில் தகடு போட்டுக்கொள்ளுங்கள். பழகுவதற்கு நீளம்தான் நல்லது. வாங்கும்போது கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வீல்பேஸும் ராம்ப் ஓவர் கோணமும் எவ்வளவு என்று கேளுங்கள். கடைசி இருக்கை பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.