பெறாத சான்றிதழ்

சென்ற ஆண்டு சூன் திங்களில், எங்கள் பள்ளி அலுவலகத்தின் வாயிலில் நாற்பது வயதை நெருங்கிய பெண் ஒருவர் தயங்கி நின்றார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்றவர். சின்னாளபட்டி நெசவாளர் குடும்பத்தவர். பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றும் மாற்றுச் சான்றிதழைப் பெறாமலே சென்றிருந்தார். கல்லூரிக்குச் செல்லாதவருக்கு அது தேவைப்படவில்லை.

“மகளுடன் நானும் கல்லூரிப் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன், ஐயா. இந்த வயதில் ஊர் சிரிக்காதா?” என்று கேட்டார்.

நான் அவருக்கு டி. எஸ். சௌந்தரத்தை நினைவூட்டினேன். இளமையிலேயே கணவரை இழந்தவர் அவர். அக்கால வழக்கப்படி வீட்டினுள் முடங்காமல், மீண்டும் படிக்கத் துணிந்தார். தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று, முப்பது வயதைக் கடந்த பின், 1936இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1947இல் காந்திகிராமம் உருவாகக் காரணமானார். 1962இல் திண்டுக்கல்லின் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

“நான் பிறந்தது காந்திகிராமத்துக் கஸ்தூரிபா மருத்துவமனையில்தான், ஐயா” என்றார் அவர் மெல்ல.

ஒரு பெண் தாமதமாகக் கற்ற கல்வியின் பயன் என் எதிரில் நின்றது.

பகலில் தறியை விட்டு வர இயலாதவர் அவர். ஆகவே, 2002இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து நிரப்பினோம். வயதைக் குறிக்கும் இடத்தில் அவர் கை சற்றே நின்றது. பிறகு, தெளிவாக எழுதியது.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் பெறாத சான்றிதழ் ஒன்று இருக்கலாம். அன்னையிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.